அடுத்த கல்லூரியின் அலமாரி

1991 ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. டாலருக்குச் சுமார் 21 ரூபாயாக இருந்தது 26 ரூபாயை எட்டியது. ஊரெல்லாம் பெட்ரோலைப் பற்றியும் தங்கத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரி நூலகர்களின் கவலை ஆய்விதழ்ச் சந்தாவில் இருந்தது. வெளிநாட்டு இதழ்களுக்கு டாலரிலும் பவுண்டிலும்தான் விலை. சந்தா ஏஜென்ட் அதை ஜி.ஓ.சி. எனப்படும் குட் ஆபீசஸ் கமிட்டியின் விகிதப்படி ரூபாயாக மாற்றி பில் போடுவார். நிர்வாகம் ஒதுக்குவதோ போன வருடத்துத் தொகை. அடுத்த ஜனவரிக்கான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, துறைத் தலைவர்களைக் கூட்டி, எதை நிறுத்தலாம் என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் அரசு உதவி பெறும் ஒரு மகளிர் கல்லூரியில் நூலகராக இருந்த நானும் அப்படி ஒரு கூட்டம் நடத்தினேன். நகரத்தின் மற்றக் கல்லூரிகளிலும் அதே மாதங்களில் அதே கூட்டம் நடந்தது.

அதன் விளைவு பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே இதழ்களை நிறுத்தியிருந்தோம். ஒரே இதழ்களை வைத்துக்கொண்டிருந்தோம். விலை அதிகமான சிறப்புத்துறை இதழ்களில் சில, கல்லூரி வட்டாரத்தில் ஒரு பிரதிகூட இல்லாமல் போயின. பொதுவான இதழ்கள் கல்லூரிக்கு ஒரு பிரதி என்று கிடந்தன. நிறுத்துவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் ஃபோன் செய்து பேசியிருந்தாலே போதும்: நீங்கள் இதை வையுங்கள், நாங்கள் அதை வைக்கிறோம், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூட்டாக வாங்குவதைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். கூட்டாக நிறுத்துவது எப்படி என்பதைத்தான் நாங்கள் முதலில் கற்க வேண்டியிருந்தது.

அதற்கான ஏற்பாடுகள் நாட்டில் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. அறிவியல், தொழில்நுட்பத் தகவலுக்கான மத்திய அரசின் நிசாட் திட்டம் பெருநகரங்களில் நூலக வலையமைப்புகள் உருவாக நிதி கொடுத்தது. தில்லியில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் 1988-இல் டெல்நெட் பிறந்தது. கல்கத்தாவுக்குக் கலிப்நெட், அகமதாபாத்துக்கு அடிநெட். சென்னைக்கு மாலிப்நெட், அதாவது மெட்ராஸ் லைப்ரரி நெட்வொர்க். 1993-இல் சங்கமாகப் பதிவானது. இன்ஸ்டாக் நிறுவனத்தின் சென்னை மையம் அதற்கு முதுகெலும்பாக இருந்தது. யுனெஸ்கோ உதவியோடு 1952-இல் தில்லியில் தொடங்கிய அறிவியல் ஆவண மையம்தான் இன்ஸ்டாக். நாட்டில் எந்த அறிவியல் இதழ் எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற கூட்டுப் பட்டியலைத் தொகுத்தவர்கள் அவர்களே.

வலையமைப்பு என்றதும் இன்றைய இளைஞர்கள் கேபிளையும் சர்வரையும் நினைப்பார்கள். எங்களுக்கு அது ஃபிளாப்பியும் தொலைபேசியும் அட்டெண்டரின் பஸ் பாஸும்தான். ஆனால் சென்னைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கிண்டியில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும். தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சி.எஸ்.ஐ.ஆர். வளாகமும், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் (எம்.ஐ.டி.எஸ்.). சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை நூலகங்கள். கடற்கரையில் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் வேறு. இங்கிலாந்தில் பாஸ்டன் ஸ்பாவிலிருந்து பவுண்டில் பணம் கட்டி ஒரு கட்டுரையின் நகலை வரவழைப்பது அப்போது வழக்கத்தில் இருந்தது. அதே வால்யூம் தரமணியில் ஓர் அலமாரியில் தூசு படிந்து இருக்கும். இருப்பது தெரியாததால் பவுண்டு செலவு. தெரிய வைப்பதுதான் கூட்டுப் பட்டியலின் வேலை.

இன்டர் லைப்ரரி லோன் படிவத்தை நாங்கள் ஐ.எல்.எல். என்றே சொல்வோம். மூன்று பிரதி, நடுவில் கார்பன். இதழின் பெயர், வால்யூம், ஆண்டு, பக்கம், கட்டுரை ஆசிரியர், கேட்பவர் பெயர், நூலகர் கையெழுத்து, முத்திரை. பார்க்க எளிது. ஆனால் இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் அந்தப் படிவத்தைச் சரியாக நிரப்புவதில் இருந்தது. கேட்பவர் கொண்டுவரும் குறிப்பை அப்படியே எழுதி அனுப்பினால் பாதி திரும்பி வரும்.

ஓர் இயற்பியல் ஆய்வு மாணவி 'பிசிகல் ரிவ்யூ, வால்யூம் 12, 1975' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். பக்க எண்ணும் இருந்தது. படிவம் போட்டு அனுப்பினோம். அன்று மதியமே தரமணிப் பக்கத்திலிருந்து ஃபோன். "மேடம், நீங்க கேட்டது ஏ-வா, பி-யா, சி-யா, டி-யா?" 1970-இல் அந்த இதழ் நான்கு பிரிவுகளாகப் பிரிந்துவிட்டது. அணு இயற்பியல் ஒரு பிரிவில், திடப்பொருள் ஒன்றில், அணுக்கரு ஒன்றில், துகள் இயற்பியல் ஒன்றில். நான்கும் வால்யூம் எண்ணைச் சேர்ந்தே ஓட்டியதால், 1975-இன் பிற்பாதியில் வந்த வால்யூம் 12 நான்கு உண்டு. நான்கிலும் அந்தப் பக்க எண் இருக்கும்! மாணவியைக் கூப்பிட்டு, கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்டால்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய முடியும். நூலகர் இதழைப் படிக்க வேண்டியதில்லை. இதழின் வரலாற்றைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இதழ் எப்போது பெயர் மாற்றியது, எப்போது பிரிந்தது, எப்போது இன்னொன்றோடு சேர்ந்தது என்பது விரல் நுனியில் இருந்த நூலகர்கள் அப்போது சென்னையில் இருந்தார்கள். அவர்களிடம் ஃபோனில் பேசியே இந்தத் தொழிலைக் கற்றேன். நூலக அறிவியல் பட்டம் தராத படிப்பு அது.

அடுத்த நுட்பம், இருப்பு விவரம். பட்டியலில் '1965–1988' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் 1973-உம் 1974-உம் இருக்காது. சந்தா நின்ற வருடங்கள், தபாலில் வராத இதழ்கள், பைண்டிங்குக்குப் போய்த் திரும்பாதவை. இடைவெளியை மறைத்து எழுதும் நூலகம் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறது. அடையாறிலிருந்து சேப்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போன அட்டெண்டருக்குத்தான் அதன் விலை தெரியும். எங்கள் கல்லூரியின் பட்டியலைக் கொடுத்தபோது அலமாரி அலமாரியாக நின்று, ஒவ்வொரு முதுகையும் தொட்டுப் பார்த்து, '1965–72, 1975–88' என்று எழுதிக் கொடுத்தோம். இப்படி எழுதியதைச் சில பேராசிரியர்கள் விரும்பவில்லை. கல்லூரியின் குறை வெளியே தெரிகிறதாம். என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான். இல்லாததை இல்லை என்று எழுதிவைப்பது, இருப்பதைக் கொடுப்பதற்குச் சமமான உதவி.

பைண்ட் செய்த வால்யூமை வெளியே கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே பெரும்பாலும் ஜெராக்ஸ்தான். அதிலும் ஒரு கை வேண்டும். தடித்த வால்யூமை விரித்துக் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடியை அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். இரண்டு முறை அப்படிச் செய்தால் நடுவில் உள்ள தாள் கழன்று கையோடு வரும். எங்கள் அட்டெண்டர் ஒருவர் வால்யூமை மேசை விளிம்பில் பாதி தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடியில் வைத்து, மறு பாதியைக் கையால் தாங்கிக்கொண்டே நகல் எடுப்பார். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் அவர் நகல் எடுத்த வால்யூம் ஒன்றுகூட முதுகு முறியவில்லை. மற்ற நூலகங்கள் எங்களுக்கு வால்யூமையே தயங்காமல் அனுப்பத் தொடங்கியதற்கு என்னுடைய கையெழுத்தைவிட அவருடைய கைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பணக் கணக்கு இன்னொரு தொல்லை. எட்டு ரூபாய் ஜெராக்ஸ் கூலிக்கு அந்த நூலகம் பில் அனுப்பும். எங்கள் அலுவலகம் வவுச்சர் கேட்கும், பர்சர் கையெழுத்து கேட்கும், செக் போடும். எட்டு ரூபாயைக் கொடுப்பதற்கு அதைவிடப் பல மடங்கு செலவாகும். பிறகு நாங்கள் சில நூலகர்கள் பேசி, எழுதிவைத்துக்கொண்டு ஆண்டு முடிவில் நேர்செய்வது என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் நேர்செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்படிச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். சின்னக் கல்லூரிகள் கேட்பவை, பெரிய நிறுவனங்கள் கொடுப்பவை. இது எப்படிச் சரிக்குச் சரி ஆகும்? எல்லாக் கூட்டமைப்புகளையும் உள்ளிருந்து அரிப்பது இந்தக் கேள்விதான். எப்போதும் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்குச் சலிப்பு வரும். எப்போதும் கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்குக் கூச்சம் வரும். கூச்சத்தால் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

எனக்கு அந்தக் கூச்சத்தைப் போக்கியது தமிழ். எங்கள் கல்லூரியில் ஒரு காலத்தில் தமிழ்த்துறையில் இருந்த பேராசிரியைகள் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' இதழையும் சைவ சித்தாந்தக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி'யையும் விடாமல் வரவழைத்து பைண்ட் செய்து வைத்திருந்தார்கள். சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' இதழ்களும் எங்களிடம் கணிசமாக இருந்தன. அவை இருப்பதாக எழுதிக் கொடுத்த பிறகு கேட்பவர்கள் திசை மாறினார்கள். பெரிய பெரிய இடங்களிலிருந்து எங்களுக்குப் படிவம் வந்தது. ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் மானுடவியல் துறையிலிருந்து 'எழுத்து' கேட்டு வந்த முதல் படிவத்தை நான் முதல்வரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் பிறகு தரமணிக்கு ஃபோன் செய்யும்போது என் குரலே வேறாக இருந்தது.

தமிழ் நூல்களைக் கூட்டுப் பட்டியலில் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. அப்போது எல்லோரும் பயன்படுத்தியது சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற மென்பொருள். யுனெஸ்கோ உருவாக்கியது, இந்தியாவில் நிசாட் விநியோகித்தது. நல்ல மென்பொருள். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்குத் தோன்றியபடி புலங்களை அமைத்துக்கொண்டிருந்தது. பட்டியல் பதிவுக்கான சி.சி.எஃப். முறையைப் பின்பற்றிய நூலகம் தலைப்பை 200-ஆம் புலத்தில் போடும். மார்க் முறைக்காரர் 245-இல் போடுவார். எந்த முறையும் இல்லாதவர் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போவார். ஃபிளாப்பியில் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தால் விலை இருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயர் நிற்கும். அதையாவது ஒரு மாற்று அட்டவணை எழுதிச் சரிசெய்துவிடலாம்.

பெயர்களை என்ன செய்வது? தமிழில் அச்சடிக்க ஒவ்வொருவரிடமும் ஒரு எழுத்துரு. ஒருவருடைய பதிவு மற்றவரின் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். அதனால் பலரும் ரோமன் எழுத்தில் பதிந்தார்கள். அதிலும் ழகரத்துக்கு ஆளுக்கு ஒரு வழக்கம். மு. வரதராசன் ஒரு நூலகத்தில் 'வரதராசன், மு.', இன்னொன்றில் 'வரதராசனார்', மூன்றாவதில் 'மு.வ.', நான்காவதில் 'டாக்டர்' என்பதன் கீழ் 'டி' வரிசையில். சொ. விருத்தாசலத்தையும் புதுமைப்பித்தனையும் இரண்டு ஆசிரியர்களாக வைத்திருந்த பட்டியலும் உண்டு. மேற்கத்திய விதிமுறை குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்கோ தலைப்பெழுத்து அப்பாவுடையது. இயற்பெயரே பதிவுக்குரிய பெயர். இந்த விதியைப் புரியாமல் சில தட்டச்சர்கள் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரின் கீழ் மகனின் நூலைப் பதிந்திருந்தார்கள்.

ஒரே நூல் பட்டியலில் ஐந்து நூல்களாகத் தெரிந்தால் கூட்டுப் பட்டியலால் பயனில்லை. சனிக்கிழமை மதியங்களில் சில கல்லூரி நூலகர்கள் கூடி, அச்சிட்ட தாள்களை மேசை முழுக்கப் பரப்பி, இது அவர்தான், இது அவர் இல்லை என்று கோடு போட்டுக்கொண்டே வருவோம். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்க நூலையே எடுத்துவர வேண்டும். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை இல்லை. கூட்டமைப்பு என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வது அந்த மேசையைத்தான். அங்கே பழகியவர்கள் அடுத்த வாரம் படிவம் இல்லாமலேயே புத்தகம் கொடுத்தார்கள்.

இனி, பகிர்வைத் தடுத்தது எது என்பதையும் எழுத வேண்டும். பணமோ தொழில்நுட்பமோ தடுத்ததைவிட ஸ்டாக் வெரிஃபிகேஷன் பயம் தடுத்தது அதிகம். நூலகர் என்பவர் ஆடிட் கண்ணுக்குக் களஞ்சியப் பொறுப்பாளர். அக்சஷன் ரிஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அலமாரியில் ஒரு புத்தகம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவருடைய சம்பளத்திலிருந்தோ ஓய்வுக்காலப் பணத்திலிருந்தோ பிடித்தம். எனக்கு முன்னால் இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவர், ஒரு கல்லூரியில் வாழ்நாள் முழுக்கப் பணிசெய்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் 'நோ டியூஸ்' கிடைக்காமல், காணாமல்போன புத்தகங்களின் விலையைத் தன் கையிலிருந்து கட்டினார். அவர் படித்துவிட்டுத் தராமல் விட்டவை அல்ல அவை. பேராசிரியர்கள் எடுத்துப்போய்த் திருப்பாதவை. இதைப் பார்த்த இளைய நூலகர் என்ன முடிவுக்கு வருவார்? கண்ணாடி அலமாரி, பூட்டு, சாவி. தன் கல்லூரிக்காரர்களுக்கே கொடுக்கத் தயங்குகிறவர் அடுத்த கல்லூரிக்கு எப்படிக் கொடுப்பார்?

சட்டம் இவ்வளவு கொடுமையானதும் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல், 215-ஆம் விதி, ஓராண்டில் படிக்க எடுக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை இழப்பு ஏற்படுவது இயல்பு என்று ஏற்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதி மத்திய அரசு நிறுவனங்களுக்கு. கல்லூரிகளில் அதை எடுத்துக்காட்டிப் பேசினால் பல ஆடிட்டர்கள் கேட்டதே இல்லை என்பார்கள். நான் அந்த விதியின் நகலை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

நம் மண்ணில் இந்தப் பயம் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகமெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். நூலுக்கு வாசகரைத் தேடித் தருவதும் நூலகர் வேலையே என்பது அவற்றில் மூன்றாம் விதியின் சாரம். ஒரு கல்லூரியில் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் நூலுக்கு வாசகர் இன்னொரு கல்லூரியில் இருக்கலாம். அவரை அங்கே தேடாமல் எங்கே தேடுவது?

பிறகு காலம் மாறியது. நிசாட் 2002-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் இன்ஸ்டாக் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு நிஸ்கேர் ஆனது. நகர வலையமைப்புகளில் பல மெலிந்தன. டெல்நெட் போல வளர்ந்தவை சில. முன்முயற்சி குஜராத்தில் இருக்கும் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போனது. பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி. இன்ஃபோநெட் வழியாக மின் இதழ்கள் வந்தன. 2010-இல் என்-லிஸ்ட் கல்லூரிகளுக்கு வந்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினாலே ஆயிரக்கணக்கான மின் இதழ்களும் லட்சக்கணக்கான மின் நூல்களும் கல்லூரிக்குத் திறந்துகொண்டன. 1991-இல் ஒரே ஒரு வெளிநாட்டு இதழுக்கு அதற்கு மேல் கட்டியவள் நான். முதல் முறையாக ஒரு மாணவி தன் வீட்டிலிருந்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு, தனக்கு வேண்டிய கட்டுரையை எடுத்துவிட்டதாக வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. படிவம் இல்லை, கார்பன் இல்லை, இரண்டு பஸ் இல்லை. இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் நடப்பில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300-க்கும் அதிகமான அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். நாங்கள் ஃபோனில் செய்ய நினைத்ததை ஒரு தேசமே சேர்ந்து செய்திருக்கிறது.

ஆனால் கூட்டாக வாங்குவது வேறு, பகிர்வது வேறு. அச்சு இதழுக்குப் பணம் கட்டினால் அந்தத் தாள் எங்களுடையது. யாருக்கும் இரவல் தரலாம். மின் இதழுக்குப் பணம் கட்டினால் பார்க்கும் உரிமை மட்டும். அதற்கும் ஒப்பந்தம் உண்டு. சில பதிப்பகங்கள் ஒரு கட்டுரையை அச்செடுத்து வேறு நூலகத்துக்கு அனுப்ப அனுமதிக்கும், சில அனுமதிக்காது. மின் நூல் முழுவதையும் அடுத்த கல்லூரி மாணவிக்கு இரவல் தர அநேகமாக வழியே இல்லை. சந்தா நின்றால் பழைய வருடங்களும் சேர்ந்து மறைந்துவிடக்கூடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரவல் பற்றிய பிரிவையும், சந்தா நின்ற பிறகு என்ன மிஞ்சும் என்ற பிரிவையும் தேடிப் படிக்கும்படி இளைய நூலகர்களிடம் சொல்லிவருகிறேன். விலையைப் பேசுவதைவிட அது முக்கியம்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. மின் இதழ் வந்துவிட்டது, இடம் வேண்டும் என்று கல்லூரிகள் பழைய வால்யூம்களைக் கழிக்கின்றன. ஆங்கில ஆய்விதழ் போனால் போகட்டும். அது வேறெங்காவது மின் வடிவில் இருக்கும். ஆனால் கழிப்பவர் கண்ணுக்கு எல்லாம் பழைய பைண்டிங்தான். ஒரு கல்லூரியின் பின்வாசலில், எடைபோடத் தயாராகக் கயிறு கட்டிக் கிடந்த கட்டுகளுக்கு நடுவே, பச்சைக் காலிக்கோ அட்டையில் 'தமிழ்ப் பொழில்' வால்யூம்களைப் பார்த்தேன். முதுகில் பொன்னெழுத்து இன்னும் மங்கவில்லை. ரைட்-ஆஃப் உத்தரவு முறைப்படி இருந்தது. யாரும் விதியை மீறவில்லை. முதல்வரைப் பார்த்துப் பேசி, எங்கள் கல்லூரிக்கு நன்கொடையாக எழுதி வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் தொகுப்பில் இல்லாத ஆண்டுகள் சில அதில் இருந்தன. நான் அன்றைக்கு வேறு வேலையாக அங்கே போகாமல் இருந்திருந்தால் அவை அட்டைப் பெட்டி ஆகியிருக்கும்.

ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கழித்தால், ஊரிலுள்ள கடைசிப் பிரதி எது என்று யாருக்கும் தெரியாமலே அது போய்விடும். கழிப்பதற்கு முன் கூட்டுப் பட்டியலைப் பார்த்து, வேறு எங்கும் இல்லை என்றால் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வைத்துக்கொள்ளக்கூடிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பெரிய பணி செய்கின்றன. ஆனால் எது எங்கே கிடக்கிறது என்று கல்லூரிகள் சொன்னால்தானே அவர்களாலும் கேட்டு எடுக்க முடியும்? தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகள் பலவற்றில் நூறாண்டுத் தொகுப்புகள் இருக்கின்றன. கணினிப் பட்டியலான ஓபாக்கில் ஏறியிருப்பவை புதிதாக வாங்கியவை. பழைய தமிழ் நூல்கள் இன்னும் கார்டு டிராயரிலேயே நிற்கும் இடங்களை நான் அறிவேன். எந்த மின் தொகுப்பிலும் இல்லாதவை அவைதான்.

இன்று கருவிக்குக் குறையில்லை. யுனிகோடு வந்து எழுத்துருச் சண்டை தீர்ந்தது. கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஃப்ளிப்நெட்டின் சோல் இருக்கிறது. இரண்டிலும் மார்க் முறையில் பதிந்து ஏற்றுமதி செய்யலாம். ஒரு மாவட்டத்தின் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து தங்கள் தமிழ் நூல்களுக்கு மட்டும் ஒரு கூட்டுப் பட்டியல் போடுவது ஒரு கல்வியாண்டில் முடியக்கூடிய வேலை. பெயர்களைச் சரிபார்க்கச் சனிக்கிழமை மேசை ஒன்று வேண்டும், அவ்வளவே. கல்லூரிக் கல்வி இயக்ககம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆயிரத்துக்கு ஐந்து என்ற அந்த இழப்பு விதியைக் கல்லூரி நூலகங்களுக்கும், கல்லூரிகளுக்கு இடையே போகும் இரவலுக்கும் எழுத்தில் ஆணையாகத் தர வேண்டும். நூலகரின் ஓய்வூதியத்தின் மேல் தொங்கும் கத்தியை எடுத்துவிட்டால் அலமாரிகள் தானாகத் திறக்கும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு வேண்டிய நூல் உங்கள் கல்லூரியில் இல்லை என்றால், இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நூலகரிடம் ஒரு தாளில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தெளிவாக எழுதிக் கொடுத்து, பக்கத்துக் கல்லூரியில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அந்தப் படிவம் மீண்டும் அச்சாகும்.